பட்டினி போட்டால் நிமிரும் புல்

பாப்பம்மாவின் கை புல்லைக் கண்டால் சும்மா இருக்காது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சரி, கல்யாண மண்டபத்து வாசலில் யாருடனாவது பேசிக்கொண்டு நிற்கும்போதும் சரி, காலடியில் ஒரு கோரையோ அறுகோ தெரிந்துவிட்டால் போதும். குனிந்து, வேரோடு இழுத்து, மண்ணைத் தட்டி ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் விட்ட பேச்சைத் தொடர்வாள். ஒருமுறை ரேஷன் கடை வரிசையில் அப்படிக் குனிந்து நிமிர்வதற்குள் முன்னால் இரண்டு பேர் புகுந்துவிட்டார்கள். அவர்களோடு பெரிய சண்டை போட்டாள். அடுத்த மாதமும் அதே இடத்தில் குனிந்தாள்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து களை எடுத்த கை அது. பாகலூரைச் சுற்றியுள்ள கேழ்வரகுக் காடுகளில் அவள் கால் படாத வரப்பு குறைவு. இளங்கேழ்வரகும் அதன் நடுவே முளைக்கும் புல்லும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலில் இருக்கும். பாப்பம்மா உற்றுக்கூடப் பார்க்கமாட்டாள், தண்டைத் தொட்டதும் விரல் சொல்லிவிடும். காடுகள் கல் நட்டு மனைகளான பிறகு ரோஜாப்பூப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் போனாள். அங்கேயும் களைதான்.

அவள் புருஷன் ஆஞ்சப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவன் ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, முனிவேல் என்ற பண்ணைக்காரர் தன் காட்டை மனைகளாகப் பிரித்து விற்றார். ஓரத்து மனை ஒன்றை இவர்கள் வாங்கினார்கள். பத்திரம் பாப்பம்மா பேரில். முனிவேல் காட்டில் அவள் எத்தனையோ வருஷம் களை எடுத்திருக்கிறாள். வீடு கட்டி முடித்ததும் வந்து பார்த்த சொந்தக்காரர்களிடம் சமையலறையைக் காட்டி, "இந்த அடுப்பு இருக்குது பாரு, இங்க ஒரு பெரிய பாறை இருந்துச்சு. மத்தியானம் அது மேலதான் சோத்துத் தூக்குப்போசிய வெப்போம்" என்பாள்.

அஸ்திவாரம் தோண்டிய நாளில் மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று மேல் மண்ணைத் தனியாக ஒதுக்க வைத்தாள். கறுப்பும் சிவப்பும் கலந்த நல்ல மண். வீட்டுக்கு இடது கைப் பக்கம் அதைக் கொட்டிப் பாத்தி கட்டினாள். வலது கைப் பக்கம், கேட்டை ஒட்டி, உடைந்த செங்கல், ஜல்லி, காய்ந்த சிமெண்ட் கட்டி எல்லாம் போய்ச் சேர்ந்தன.

அந்த நல்ல மண்ணில் அவள் போட நினைத்தது அவரைக்கொடி. மார்கழிப் பனியில் அவரைக்காய் பறித்தால் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒரு எண்ணெய் ஏறும், சோப்புப் போட்டாலும் வாசம் போகாது. ஊரே அந்த வாசத்துக்கு ஏங்கும். பாப்பம்மாவுக்கு அதோடு வேறொன்றும் ஞாபகம் வரும். காய் பறித்து முடித்துக் கரையேறும்போது பண்ணைக்காரர் வீட்டு ஆள் ஒருத்தர் நிற்பார். "மடியை உதறு" என்பார். பெண்கள் ஒவ்வொருத்தராக மடியை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அப்படி உதறிய அதே மண்ணில், உதறச் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு மடி அவரைக்காய் பறிக்க வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

மூத்த மகள் ஹரிணிக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது ராயக்கோட்டையில் போய் இருந்துவிட்டுத் திரும்பினாள். கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவரைக்கென்று வைத்திருந்த பாத்தி முழுக்க, வரிசை பிடித்து, நூல் கட்டி நட்டது மாதிரி, புல்.

"என்னா மாமா இது? எலுமிச்சம்புல்லா?"

ஆஞ்சப்பனுக்கு அவள் அத்தை மகள். அதனால் வாய் நிறைய மாமா என்பாள், ஆனால் பேச்செல்லாம் நீ, வா, போதான்.

"இல்ல."

"மாட்டுக்குப் போடற சீமைப் புல்லா?"

"நமக்கு ஏது மாடு?"

"அப்பறம் எதுக்கு நட்டு வெச்சிருக்க?"

"பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா!" பாப்பம்மா பையைக் கீழே வைத்தாள். "மாமா, இத்தினி வருசம் நான் புல்லத்தான் பாத்துனு இருந்தேன். எனக்குக் கூலி குடுத்துப் பாக்க வெச்சாங்க. நீ துட்டு குடுத்து வாங்கினு வந்து பாக்கச் சொல்ற."

அந்தப் புல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. ஆஞ்சப்பனைக் கம்பெனி ஒரே ஒருமுறை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே ஏதோ சின்ன ஊரில் பழைய பிரஸ் மெஷின் ஒன்றைக் கழற்றி, கப்பலேற்றி ஓசூருக்குக் கொண்டுவர வேண்டும். கழற்றப் போனவர்களில் இவனும் ஒருத்தன். திரும்பி வந்தவன் உயரமான கட்டடத்தைப் பற்றியோ காரைப் பற்றியோ பேசவில்லை. அந்தக் கம்பெனிக்குப் பின்னால் புல் நின்றது என்றான். ஆள் இடுப்பு உயரம், கண்ணுக்கு எட்டும் தூரம் வரைக்கும். போனபோது நீலம் பாய்ந்த பச்சையாக இருந்ததாம், கிளம்பும்போது அத்தனையும் சிவந்துவிட்டதாம். போனில் எடுத்த படத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தப் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அதோடு சாட்சியும் போயிற்று.

ரிட்டையர் ஆன பிறகு பாகலூர் ரோட்டில் ஒரு நர்சரியில், பெங்களூர் ஐடி கம்பெனிகளின் தோட்டத்துக்காக வளர்த்திருந்த செடிகளுக்கு நடுவே அதே புல்லைப் பார்த்துவிட்டான். லிட்டில் புளூஸ்டெம் என்று பெயர் சொன்னார்கள். தெருவில் அதற்கு அமெரிக்காப் புல் என்று பெயர் விழுந்தது.

ஆனால் அது சிவக்கவில்லை. முதல் வருஷமும் இல்லை, இரண்டாம் வருஷமும் இல்லை. ஆஞ்சப்பன் காலையும் மாலையும் தண்ணீர் கட்டினான். மாட்டுச்சாணம் வாங்கி வந்து மக்க வைத்துப் போட்டான். புல்லும் கொழுகொழுவென்று வளர்ந்தது. வளர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. குச்சி நட்டுக் கயிறு கட்டி நிமிர்த்தினான். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது.

தெருவின் முதல் வீட்டு நாராயணம்மா தினமும் பால் வாங்கப் போகும்போது கேட்டருகே நிற்பாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், தெருவுக்கு வந்தால் எல்லாம் பேசுவாள்.

"ஏமக்கா, உங்க வீட்டுப் புல்லு நைட்டு சரக்கு கிரக்கு போட்டுச்சா? விடிஞ்சும் எந்திரிக்காம படுத்துனு இருக்குதே!"

"சிரி, சிரி."

"சானமாவு காட்டுல யானை வந்திருக்குதாம். சொல்லி அனுப்பட்டா, இங்க பந்தி ரெடியா இருக்குதுன்னு?"

பாப்பம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் ஆஞ்சப்பனுக்குப் பழைய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அவன் கப்பலேற்றிக் கொண்டுவந்த அதே பிரஸ் மெஷினைப் புனே பக்கத்துப் புது பிளாண்டுக்கு மாற்றுகிறார்களாம். பொங்கல் வரை கூட இருந்து பூட்டிக் கொடுக்க வேண்டும். பெட்டி கட்டும்போது பாப்பம்மா விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"இந்த வருசமும் அது சிவக்கல. வர்ற ஆடிக்கு எனக்கு மண்ணு வேணும்."

"இன்னும் மார்கழி வரல பாப்பம்மா. குளிர் பட்டாத்தான் சிவக்கும்."

"போன மார்கழி வந்துச்சு. அதுக்கு முந்துன மார்கழியும் வந்துச்சு."

ஆஞ்சப்பன் யோசித்தான். "சரி, போகிக்குள்ள சிவக்கலன்னா நானே வந்து புடுங்கிப் போட்டுடறேன். உன் அவரைய நீ போட்டுக்க. சிவந்துச்சுன்னா, அஞ்சு வருசத்துக்கு இந்த மண்ணைப் பத்தி நீ வாயைத் தொறக்கக் கூடாது. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

"நான் இல்லாதப்ப தண்ணி ஊத்தணும். எரு போடணும். பழி வாங்கக் கூடாது."

"என்னா மாமா, என்னை அப்படி நெனச்சிட்டியா?"

இதைக் கேள்விப்பட்ட நாராயணம்மா வேலையைச் சுலபமாக்கப் பார்த்தாள். "சோறு வடிக்கிற கஞ்சிய சூடா ஊத்திவிடுக்கா. ரெண்டே நாள்."

"ஏமாத்தி ஜெயிச்சா அவரைக்காய் கசக்கும் நாராயணம்மா" என்றாள் பாப்பம்மா.

சொன்னபடியே செய்தாள். ரோஜாப் பண்ணைக்குக் கிளம்பும் முன் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், வந்ததும் நிற்பாள். ஆஞ்சப்பன் வைத்துவிட்டுப் போன எருவைப் பிரித்துப் பிரித்துப் போட்டாள். நடுவில் முளைத்த களையை மட்டும் எடுத்தாள். அதுதான் வினோதமாக இருந்தது, புல்லுக்குள்ளிருந்து புல்லைப் பிடுங்குவது. விரலுக்கு அந்த வித்தியாசமும் இரண்டொரு நாளில் பழகிவிட்டது. இவ்வளவு செய்தும் புல் முன்னைவிட மோசமாகச் சாய்ந்தது. பாப்பம்மா மனதுக்குள் பந்தல்கால் எங்கே நடுவது என்று அளந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன மகள் கவிப்ரியா வீடியோ கால் போட்டுத் தருவாள். செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை செய்கிறவள். ஆஞ்சப்பன் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் புல்லைக் காட்டச் சொல்வான். ஒருநாள் பாப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி என்னாதான் மாமா இருக்குது அதுல? அமெரிக்காவுல உனக்கு வேற ஒண்ணுமே கண்ணுல படலியா?"

கால் கட்டாகிவிட்டதோ என்று கவிப்ரியா போனைத் தட்டினாள்.

"அங்க எல்லாமே இங்கிலீஷ் பேசுச்சு பாப்பம்மா" என்றான். "மனுசன் பேசுனான், கதவு பேசுச்சு, காபி மெஷின்கூட பேசுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. கூட வந்தவனுங்க படிச்சவனுங்க, சமாளிச்சினாங்க. நான் சாப்பாட்டு டப்பாவத் தூக்கினு பின்னாடி போயிடுவேன். அந்தப் புல்லு ஒண்ணுதான் என்கிட்ட ஒண்ணும் கேக்காது. காத்தடிச்சா நம்ம ஊர் வரப்புல கேக்கற அதே சத்தம்."

பாப்பம்மா அன்றைக்குப் புல்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் ஊற்றினாள்.

கார்த்திகை பாதியில் மழை ஏமாற்றியது. அந்த வாரமே லேஅவுட்டுக்குப் பொதுவான போர்வெல் மோட்டார் புகைந்து நின்றது. யார் சரிசெய்வது என்ற பேச்சே முடிந்தபாடில்லை. லாரித் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். அப்படிப் பிடித்த தண்ணீரில் ஒரு பக்கெட்டை எடுத்துப் பாப்பம்மா புல்லுக்கு ஊற்றப் போனபோது நாராயணம்மா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் வழக்கம்போலச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

"அக்கா, எங்க வீட்டுல குழந்தைக்கு ரெண்டு நாளா ஈரத்துணியிலதான் தொடைச்சி விடறோம்."

பாப்பம்மா பக்கெட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு போய் நாராயணம்மா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அதோடு புல்லுக்குத் தண்ணீர் நின்றது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. கொடுத்த வாக்கு தண்ணீர் ஊற்றுவதாக. ஊற்றவில்லை. இனிமேல் அது காய்ந்து செத்தால் அவள் ஜெயித்ததாக ஆகுமா? சூடு கஞ்சி ஊற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஞாயிற்றுக்கிழமை போனைத் தானே வாங்கி, கேமராவைத் தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டாள்.

"புல்லு எப்படி இருக்குது?"

"இருக்குது."

"காட்டேன்."

"வெயில் அடிக்குது மாமா, ஒண்ணும் தெரியாது."

கவிப்ரியா அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். பாப்பம்மா இடது கைப் பக்கம் போவதையே விட்டாள். கோலம் போடும்போதுகூட முதுகைக் காட்டி உட்கார்ந்து போட்டாள். செத்த பிணத்தைப் பார்க்கப் பிடிக்காத மாதிரி.

மார்கழி நன்றாக முற்றிய ஒரு காலையில் பனி கலைந்துகொண்டிருந்தது. கோலத்தை முடித்து எழுந்து இடுப்பை நிமிர்த்தியவள் யதேச்சையாகத் திரும்பினாள். மதிலுக்கு மேலாக வெயில் அப்போதுதான் உள்ளே விழுந்தது.

புல் நின்றுகொண்டிருந்தது. குச்சியும் கயிறும் தொளதொளவென்று தொங்க, எதன் மேலும் சாயாமல், விறைப்பாக. முற்றிய கேழ்வரகுக் கதிரின் நிறம், அதற்கு மேல் தேய்த்து வைத்த செம்புக் குடத்தின் மினுக்கு. தண்டு நெடுக வெள்ளையாகப் பஞ்சு வெடித்திருந்தது. ஒவ்வொரு பஞ்சிலும் வெயில் ஏறி உட்கார்ந்திருந்தது. காற்று லேசாக வந்ததும் அத்தனையும் ஒரே சமயத்தில் அசைந்தது.

காய்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போய் ஒரு தண்டைப் பிடித்து அடியில் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை. உயிர் இருக்கிறது. அப்படியானால் அவன் சொன்னது இதைத்தான்.

கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மண் போயிற்று. அஞ்சு வருஷம். அது ஒரு பக்கம் வலித்தது. இன்னொரு பக்கம் கண் அங்கேயிருந்து வர மறுத்தது. இந்த இரண்டும் ஒருத்திக்கு ஒரே நேரத்தில் வரலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

நைட் ஷிப்ட் முடித்து வந்த கவிப்ரியா கேட்டிலேயே கத்தினாள். "அம்மா! அப்பா சொன்னது நெஜம்தான் போல! இரு, போட்டோ எடுத்து அனுப்பறேன்."

"அனுப்பாத."

"ஏம்மா?"

"அவரே வந்து பாக்கட்டும்."

"நெஜமா அதுக்குத்தானா? இல்ல, அதுக்குள்ள ஏதாவது பண்ணப் போறியா?"

"போடி" என்றாள் பாப்பம்மா. ஆனால் மகள் கேட்டது மனதில் தைத்தது. பண்ணலாம்தான். அரிவாள் கொல்லையிலேயே இருக்கிறது. சிவந்தது என்று பார்த்தவர்கள் இரண்டே பேர்.

போகியன்று விடிந்ததும் நாராயணம்மா கையில் அரிவாளோடு வந்து நின்றாள். தெருமுனையில் பழைய பாயும் டயரும் புகைந்துகொண்டிருந்தன.

"அக்கா, நெருப்பு சரியாப் புடிக்கல. உன் புல்லுதான் நல்லாக் காஞ்சிருக்குதே, அறுத்துனு போறேன். உனக்கும் வேலை முடிஞ்சது."

"கை வெச்சுப் பாரு."

நாராயணம்மா திகைத்தாள். "நீதானக்கா புடுங்கணும் புடுங்கணும்னு சொல்லினு இருந்த?"

"சொன்னேன். நான் புடுங்குவேன். நீ புடுங்கக் கூடாது."

நாராயணம்மா அவளையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சரி, காப்பு கட்டறதுக்காவது ரெண்டு குடு. இந்த வருசம் பூளைப்பூ எங்கியும் கெடைக்கல. வேப்பிலையும் ஆவாரம்பூவும்தான் இருக்குது. இதுவும் வெள்ளையாத்தானே பூத்திருக்குது" என்றாள்.

போகிக்கு நிலைப்படியில் செருகும் காப்புக்குக் கேட்டால் எப்படி இல்லை என்பது? பாப்பம்மா தானே உள்ளே போய், நன்றாகப் பஞ்சு வெடித்த தண்டாக நாலு பார்த்து, அடியோடு நறுக்கிக் கொடுத்தாள்.

மத்தியானம் ஆஞ்சப்பன் பஸ் இறங்கிப் பெட்டியோடு தெருவுக்குள் வந்தான். அவன் தன் வீட்டுக்கு வந்து சேரவே நேரமாயிற்று. முதல் வீட்டு நிலைப்படியில், வேப்பிலைக்கும் ஆவாரம்பூவுக்கும் நடுவே, சிவப்புத் தண்டில் வெள்ளைப் பஞ்சோடு ஒரு கொத்து செருகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் அப்படியே நின்றான். நாராயணம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, உங்க வீடு அந்தப் பக்கம்" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தான்.

கேட்டைத் திறந்து, பெட்டியைக்கூட வைக்காமல் பாத்தியருகே போனான். பாப்பம்மா கதவோரம் நின்று பார்த்தாள். அவன் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

"ஜெயிச்சிட்ட மாமா" என்றாள்.

"எப்படிப் பண்ண?"

"ஒண்ணும் பண்ணல." அவள் மறைக்கவில்லை. "மோட்டார் போச்சு. கார்த்திகையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. எருவும் போடல. செத்துடுச்சுன்னு நெனச்சு உன்கிட்ட மறைச்சேன்."

ஆஞ்சப்பன் யோசித்தபடி மெதுவாகச் சொன்னான். "அங்கயும் யாரும் தண்ணி ஊத்தி நான் பாத்ததில்ல."

"அதை இப்ப வந்து சொல்லு."

பொங்கல் முடிந்தது. பாப்பம்மா வாக்குப்படி மண்ணைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தெருவே வந்து புல்லைப் பார்த்துவிட்டுப் போனது. அவளும் பார்த்தாள். காணும் பொங்கலுக்கு மறுநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"மாமா, மண்ணைப் பத்தித்தானே நான் பேசக் கூடாது? புல்லைப் பத்திப் பேசலாமில்ல?"

"பேசு."

"அதுக்கு வயிறார சோறு போட்டா படுத்துக்குது. பட்டினி போட்டா எந்திரிச்சு நிக்குது. மூணு வருசமா நல்ல மண்ணைக் குடுத்து அதுக்கு நோவு குடுத்துனு இருக்க."

ஆஞ்சப்பன் கையில் சோற்றோடு நிமிர்ந்தான்.

"நான் மண்ணு கேக்கல. புல்லுக்கோசரம் சொல்றேன். கேட்டுப் பக்கம் செங்கல்லும் ஜல்லியுமாக் கெடக்குது பாரு, அதுதான் அதோட அமெரிக்கா."

அவனுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி அவள் முகத்தை வெகு சாதுவாக வைத்துக்கொண்டாள்.

சித்திரையில் முதல் கோடை மழை விழுந்ததும், இரண்டு பேருமாகப் புல்லைக் கடப்பாரை போட்டுக் குத்துக் குத்தாகப் பெயர்த்து, கேட்டுக்கு வலது பக்கம் இடிபாட்டுக்குள் குழி பறித்து நட்டார்கள். நாராயணம்மா பால் சொம்போடு நின்று, "குடித்தனம் மாத்தறீங்களா?" என்றாள். ஆடியில் இடது பக்கம் அவரை விதை விழுந்தது. பந்தல்கால், முன்பே அளந்து வைத்த இடத்தில்.

ஆவணியில் ஒரு காலை பாப்பம்மா அவரைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் கூலிக்கில்லாமல் தனக்கென்று எடுக்கிற களை, அதனால் அவசரமில்லாமல். கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தண்டை இழுத்து, மண்ணைத் தட்டி, வீசப் போகும் நேரத்தில் விரல் நின்றது. நீலம் பாய்ந்த பச்சை. மார்கழியில் பறந்த பஞ்சு எங்கேயோ விழுந்து, மழைக்கு முளைத்திருக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

எழுந்து கேட்டுப் பக்கம் போனாள். இரண்டு ஜல்லிக்கற்களை விலக்கி, விரலால் குழி செய்து, அதை வைத்து அழுத்தினாள். பக்கத்திலேயே தண்ணீர்க் குடம் நிரம்பி இருந்தது. ஊற்றாமல் திரும்பி வந்தாள்.